சோலார் பேனல் தன்னைச் செய்த மின்சாரத்தைத் திருப்பித் தருமா?

வாசகர் கேள்வி: 2 ஆகஸ்ட் 2025

வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள். போடலாம் என்றிருந்தேன். ஆலையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் தடுக்கிறார். ஒரு பேனலைச் செய்ய ஆகும் மின்சாரத்தை அந்தப் பேனல் ஆயுள் முழுக்க உழைத்தாலும் திருப்பித் தராதாம். நிலக்கரியே மேல் என்கிறார். உண்மையா?

3 ஆகஸ்ட், காலை 6.15

மைத்துனரின் விடை தவறு. ஆனால் அவர் எழுப்பும் கேள்வி மிகச் சரியானது. பேனல் விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக நூற்பாலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் ஆற்றல் தணிக்கை செய்கிறேன். கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

3 கிலோவாட்டுக்கு அரை கிலோவாட் பேனல் ஆறு. இதில் ஆற்றலை அதிகம் குடிப்பது சிலிக்கான். படிகக்கல்லைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் உருக்குகிறார்கள். கிடைத்த சிலிக்கானை வாயுவாக்கி, 1,100 டிகிரியை ஒட்டிய சூட்டில் கம்பிகளின்மேல் மறுபடி படியவைத்துத் தூய்மையாக்குகிறார்கள். 2004 வாக்கில் ஒரு வாட்டுக்கு 16 கிராம் சிலிக்கான் தேவைப்பட்டது. இன்று 3 கிராமுக்கும் குறைவு. தாராளமாக 3 கிராம் என்றே வைத்தால் 9 கிலோ. தூய்மைப்படுத்த கிலோவுக்கு 60 யூனிட் என்றால் 540 யூனிட். கல்லை உருக்கியதற்கு 120. பாளம் வார்த்து, மெல்லிய தகடாக அறுத்து, செல்லாக்குவதற்கு 1,000 என்று வையுங்கள். அலுமினியச் சட்டம் 15 கிலோ, கிலோவுக்கு 15 யூனிட், 225. கண்ணாடி 120 கிலோவுக்கு 360. கூரையில் நிறுத்தும் இரும்புச் சட்டகம் 100 கிலோவுக்கு 600. இன்வெர்ட்டர், கம்பி, கப்பல், லாரி எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 3,345. நான் மறந்தவற்றுக்காக 4,000 என்று முடித்துக்கொள்கிறேன்.

நம் ஊர் வெயிலில் 3 கிலோவாட் நாளொன்றுக்கு 12 யூனிட் தரும். ஆண்டுக்கு 4,300க்குக் குறையாது. பதினோரு மாதத்தில் கடன் அடைந்துவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டு ஆயுளில் மீதி இருபத்துநான்கு ஆண்டு உங்களுக்கு. தேய்மானத்தைக் கழித்தாலும் ஆயுளில் ஒரு லட்சம் யூனிட். போட்டது 4,000, வந்தது ஒரு லட்சம். வந்ததிலிருந்து போட்டதைக் கழித்தால் நிகர ஆற்றல். போட்டதால் வகுத்தால் விகிதம் 25.

நிலக்கரியைப் பற்றி: சுரங்க வாயிலில் அதன் விகிதம் 30ஐ ஒட்டி வரும் என்று படித்திருக்கிறேன். ஆகவே நிலக்கரி சற்று மேல் என்பதில் மட்டும் மைத்துனர் பக்கம் நியாயம் இருக்கிறது.

3 ஆகஸ்ட், இரவு 9.50

நிகர ஆற்றல் என்ற சொல்லே புதிதாக இருக்கிறது என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சொல்தான் புதிது. பல்லடம் பக்கத்தில் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அறுபது அடிக் கிணற்றில் காளைகளால் நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். இரண்டு காளைகள் வாரிச் சரிவில் இறங்கினால் தோல் பறி மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரில் விளைந்த சோளத்தட்டைத்தான் காளைகள் தின்றன. காளைக்குப் போட்டது போக, விதைக்கு எடுத்துவைத்தது போக, கூலிக்கு அளந்தது போக, மிச்சம்தான் வீட்டுக்கு வரும். அந்த மிச்சத்தில்தான் அப்பா பள்ளிக்கூடம் போனார். அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. களத்தில் எத்தனை மூட்டை குவிந்தது என்று அப்பாரு யாரிடமும் பெருமை பேசியதில்லை. வீட்டுக்கு எத்தனை வந்தது என்று மட்டும்தான் சொல்வார்.

ஒரு நாட்டின் ஆற்றல் துறைக்கும் இதே கணக்குதான். எண்ணெய்க் கிணறு தோண்டவும், நிலக்கரி வெட்டவும், காற்றாலை எழுப்பவும் ஆகும் ஆற்றலைக் கழித்தபின் எஞ்சுவதுதான் மற்ற எல்லாத் தொழிலுக்கும். வந்ததைப் போட்டதால் வகுத்தால் கிடைப்பது ஆற்றல் வரவு விகிதம். ஆங்கிலச் சுருக்கத்தில் இ.ஆர்.ஓ.ஐ. என்பார்கள்.

4 ஆகஸ்ட், காலை 5.40

விகிதம் 25 ஆனாலென்ன, 10 ஆனாலென்ன, ஒன்றுக்கு மேல் இருந்தால் லாபம்தானே என்கிறார் ஒருவர். இல்லை. நூறு யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 50 என்றால் 2 யூனிட் துறைக்கே போய்விடும், 98 நமக்கு. விகிதம் 10 என்றால் 90 நமக்கு. ஐம்பதிலிருந்து பத்துக்கு விழுந்தும் நாம் இழந்தது எட்டே யூனிட்தான். ஊரில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. பத்துக்குக் கீழே வாருங்கள். விகிதம் 5 என்றால் 80. 3 என்றால் 67. 2 என்றால் 50. ஒன்றேகால் என்றால் 20. மேட்டுநிலத்தில் நெடுந்தூரம் சமமாக நடந்துவிட்டுத் திடீரென்று மலை விளிம்பில் கால் வைப்பது போன்றது இது.

இதனால்தான் ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும் என்ற பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது. விகிதம் 2 உள்ள நாட்டில் இரண்டு மின் நிலையங்களில் ஒன்று மற்ற நிலையங்களுக்காகவே ஓடுகிறது. அதற்கான இரும்பு, சிமெண்ட், பொறியாளர், வெல்டர், வங்கிக் கடன் எல்லாம் மருத்துவமனையிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிடுங்கப்பட்டவை. எண்ணெயை எடுப்பதோடு நில்லாமல், சுத்திகரித்து, கொண்டுசேர்த்து, லாரியையும் சாலையையும் பராமரித்து ஓட்டுவதற்கே கிணற்றடியில் குறைந்தது 3 வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஹாலும் அவருடைய சகாக்களும் 2009இல் கணக்கிட்டார்கள். அது வெறும் வண்டி ஓட. ஓட்டுநரின் பிள்ளை படிக்க அதற்கும் மேல் வேண்டும்.

கனடாவின் ஆல்பர்ட்டா மணலிலிருந்து எடுக்கும் தாரெண்ணெயைப் பாருங்கள். இயற்கை எரிவாயுவை எரித்து, நீரை ஆவியாக்கி, நிலத்துக்குள் செலுத்தி இளக்கினால்தான் ஆழத்தில் இருப்பது மேலே வரும். நிலத்தடியில் பெருங்கடலாக இருக்கிறது என்று பீப்பாய்க் கணக்கு காட்டுவார்கள். விகிதமோ ஒற்றை இலக்கத்தில், அதுவும் கீழ்ப்பாதியில்.

5 ஆகஸ்ட், இரவு 11.05

முதல் குறிப்பில் இரண்டு தவறு செய்திருக்கிறேன். தணிக்கையாளன் செய்யக்கூடாத தவறுகள்.

முதலாவது: வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒரே யூனிட்டாகக் கூட்டிவிட்டேன். கண்ணாடி உலைக்குத் தேவை வெப்பம். அலுமினியத்துக்குத் தேவை மின்சாரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்காக அனல் நிலையத்தில் மூன்று யூனிட் அளவு நிலக்கரியை எரிக்கிறோம். எல்லாவற்றையும் நிலக்கரிக் கணக்குக்கு மாற்றினால், நான் போட்ட 4,000 ஒன்பது, பத்தாயிரத்தைத் தொடும். ஆனால் பேனல் தருவதும் மின்சாரம்தான். அதையும் அதே தராசில் வைக்கவேண்டும். இரண்டு பக்கமும் மாற்றினால் விகிதம் பெரிதாக மாறாது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுபவருக்குப் பேனல் உதவாக்கரையாகத் தெரியும். சோலாருக்கு எதிரான கட்டுரைகள் பலவற்றில் இந்த ஒரு கை மட்டும் தராசில் இருப்பதைப் பார்க்கிறேன்.

இரண்டாவது இன்னும் பெரிது. நிலக்கரிக்கு 30 என்றேன். அது சுரங்க வாயிலில், கருப்புக் கட்டியாகக் கிடக்கும்போது. சோலாருக்கு 25 என்றது கூரையில், மின்சாரமாக. களத்துமேட்டு நெல்லையும் இலையில் விழுந்த சோற்றையும் எடைபோட்டு ஒப்பிட்டிருக்கிறேன்.

ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வருகிறது. கொதிகலனில் எரிந்தால் நூற்றில் 35 பங்குதான் மின்சாரம். அதிலும் நிலையத்தின் சொந்த விசிறிகளும் பம்புகளும் அரைவை இயந்திரங்களும் நூற்றுக்கு எட்டு வரை எடுத்துக்கொள்கின்றன. 2019இல் பால் பிராக்வே குழுவினர் நேச்சர் எனர்ஜி இதழில் இதை உலகம் முழுவதற்கும் கணக்கிட்டார்கள். புதைபடிவ எரிபொருள்களுக்கு எடுக்கும் இடத்தில் விகிதம் 29. பயனாளியின் கைக்கு வரும் இடத்தில் 6. மின்சாரமாக வரும்போது 3.

ஆகவே நிலக்கரி சற்று மேல் என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள்.

6 ஆகஸ்ட், காலை 7.00

கொதிகலனில் வீணான வெப்பம் முதலீடாகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது. நான் குடித்த காபியும் கைதவறிக் கொட்டிய காபியும் வேறுவேறு. கொட்டியதால் எனக்குக் கிடைத்தது குறைந்தது; கடைக்காரரின் செலவு கூடவில்லை. மேற்சொன்ன ஆய்விலும் விகிதத்தின் மேல் எண்தான், அதாவது வரவுதான், இறங்குகிறது. ஆனால் கொண்டுவரும் வழியில் செலவாகும் ஆற்றல் கீழ் எண்ணான செலவிலும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்துதான் 29ஐ மூன்றாக்குகின்றன.

நெய்வேலி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே ரயிலும் கப்பலும் இல்லை. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே நிலையம். ஆனால் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். அதற்குமேல் பல மடங்கு மண்ணை ராட்சதச் சக்கரங்களால் அள்ளி அப்புறப்படுத்தவேண்டும். படுகைக்கு அடியிலிருக்கும் ஊற்றுநீர் அழுத்தம் சுரங்கத் தரையைப் பெயர்த்துவிடாதிருக்க இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த இயந்திரங்களும் பம்புகளும் ஓடுவது மின்சாரத்தில்தான்.

8 ஆகஸ்ட், இரவு 10.20

சற்று விலகிப் போகிறேன். இந்த விகிதத்தைப் பரப்பிய சார்லஸ் ஹால் எண்ணெய்க்காரர் அல்லர், பொருளியலாளரும் அல்லர். மீன் ஆராய்ச்சி செய்தவர். வட கரோலினாவின் ஓர் ஓடையில் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே போவதைப் பார்த்து, அத்தனை உழைப்புக்குத் தக்க தீனி கிடைக்கிறதா என்று அளந்தார். அவருடைய ஆசிரியர் ஹோவர்ட் ஓடம், சூழலியலில் எல்லாவற்றையும் ஆற்றல் ஓட்டமாகப் பார்த்தவர். 1981இல் ஹாலும் கட்லர் கிளீவ்லாந்தும் அதே அளவுகோலை அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதன்மேல் வைத்து சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1974இல், புதிய ஆற்றல் தொழில்நுட்பங்களுக்கு நிகர ஆற்றல் கணக்கைப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே வந்திருந்தது. முந்தைய ஆண்டின் எண்ணெய் நெருக்கடி தந்த அச்சம் அது. பெட்ரோல் மலிந்ததும் அந்த அக்கறையும் தளர்ந்தது. எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

9 ஆகஸ்ட், காலை 6.30

"விலையே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே, தனியாக ஆற்றல் கணக்கு எதற்கு?"

விலை உண்மையைச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. எங்கள் தோட்டத்தில் சொல்லவில்லை. விவசாய மின்சாரம் இலவசம். ஆயிரம் அடியிலிருந்து தண்ணீர் எடுத்தாலும் அறுபது அடியிலிருந்து எடுத்தாலும் அண்ணனுக்குக் கட்டணம் பூஜ்யம். விலை பூஜ்யம் என்கிறது. மோட்டாரின் அடியில் ஓடும் மின்சாரம் வேறு சொல்கிறது. இலவச மின்சாரத்தை எடுக்கச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதித் தோட்டம் தரிசாகிவிடும். விலை இல்லாத இடத்தில் வேறொரு அளவுகோல் வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

10 ஆகஸ்ட், மாலை 4.10

எத்தனால் பற்றி எழுதச் சொல்லி ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்று முதலில் 2030க்கு வைத்திருந்த இலக்கை நாடு 2025இலேயே எட்டிவிட்டது. எல்லோரும் மைலேஜ் பற்றியே பேசுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல், எத்தனாலில் 21. இருபது பங்கு கலந்தால் லிட்டருக்கு நூற்றில் ஏழு பங்கு ஆற்றல் குறையும். அதில் மர்மம் ஏதும் இல்லை. நான் கவலைப்படுவது அந்த 21 மெகாஜூலைக் கொண்டுவரப் போட்டது எவ்வளவு என்பது பற்றி.

மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை ஒன்றில் கொதிகலன் தணிக்கைக்குப் போயிருந்தேன். நொதித்த கூழில் சாராயம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டுதான். மீதி தண்ணீர். காய்ச்சி வடித்தாலும் 95ஐத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் நின்றுவிடும். அதற்குமேல் தண்ணீரும் சாராயமும் சேர்ந்தே ஆவியாகும். பெட்ரோலில் கலக்க 99.5 வேண்டும். அந்தக் கடைசித் துளி ஈரத்தை நீக்கத் தனிச் சல்லடைக் கோபுரம். எல்லாவற்றுக்கும் நீராவி. கொதிகலனின் வாயில் நிலக்கரியும் உமியும். பின்வாசலில் நிலக்கரி லாரி வந்துகொண்டே இருக்கிறது, முன்வாசலில் பசுமை எரிபொருள் டேங்கர் போய்க்கொண்டே இருக்கிறது.

வயலுக்கும் போகவேண்டும். ஒரு டன் யூரியாவுக்கு 25 ஜிகாஜூல் அளவு ஆற்றல், பெரும்பாலும் இயற்கை எரிவாயு. அதில் பெரும்பங்கு மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் வருவது. டிராக்டருக்கு டீசல். பாசனத்துக்கு மின்சாரம்.

மக்காச்சோள எத்தனாலின் விகிதத்தை 1.3 என்று வையுங்கள். சமுதாயத்துக்கு நிகரமாக ஒரு லிட்டர் வேண்டுமானால் எத்தனை லிட்டர் காய்ச்சவேண்டும்? 1.3ஐ 0.3ஆல் வகுங்கள். நாலேகால் லிட்டருக்கும் மேல்! நிலம், தண்ணீர், யூரியா எல்லாம் அதே மடங்கில். பிரேசிலின் கரும்பு எத்தனாலுக்கு 8 வரை கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு லிட்டர் நிகரத்துக்கு 1.14 லிட்டர் போதும். இரண்டும் ஒரே பொருள். குப்பியில் ஊற்றினால் வேறுபாடு தெரியாது. பிரேசிலில் ஆலையை ஓட்டுவது கரும்புச் சக்கை. சாவோ பாவுலோ கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது. நம் கரும்பு பாசனத்தில் விளைகிறது. பிரேசிலின் எண்ணை எடுத்து வந்து நம் ஊர் மேடையில் வைப்பவர்கள் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்.

11 ஆகஸ்ட், காலை 6.45

வடித்தபின் எஞ்சும் சக்கை மாட்டுத்தீவனமாகிறதே, அதைக் கழித்தீர்களா என்று நேற்றிரவு ஒருவர் கேட்டது மிகச் சரி. அமெரிக்காவில் பல ஆண்டுச் சண்டையே அதில்தான். ஆய்வாளர் டேவிட் பிமென்டெல் மக்காச்சோள எத்தனாலுக்கு விகிதம் ஒன்றுக்கும் கீழ் என்றார். அமெரிக்க வேளாண் துறையின் 2002 அறிக்கை 1.34 என்றது. தீவனத்துக்கு எவ்வளவு கழிப்பது, உழவு இயந்திரத்தைச் செய்த இரும்பைச் சேர்ப்பதா, எந்த ஆண்டின் மகசூலை எடுப்பது என்பவைதான் இருவருக்கும் நடுவில். நான் வைத்த 1.3 தீவனக் கழிவோடு சேர்ந்தது. யார் பக்கம் சாய்ந்தாலும் மலை விளிம்பில்தான் நிற்கிறோம்.

இன்னொருவர், நிலக்கரியையும் எரிவாயுவையும் வண்டியில் ஊற்றமுடியாது, எத்தனாலை ஊற்றலாம், அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதை நிலக்கரியைத் திரவமாக்கும் வழி என்று சொல்லி விவாதிக்கலாம். ஆற்றல் மூலம் என்று சொல்லக்கூடாது. ஆலைக் கழிவான வெல்லப்பாகிலிருந்து எடுப்பதற்கு நான் எதிரியல்லன். அரிசியையும் மக்காச்சோளத்தையும் இதற்கென்றே வளர்ப்பதுதான் உறுத்துகிறது.

15 ஆகஸ்ட், காலை 10.30

விடுமுறை. பரணிலிருந்த பழைய டியூபுலர் பேட்டரி இரண்டைக் காயலான் கடைக்குப் போட்டேன். அதைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

2012இல் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத ஊர்களில் நாங்களும் இருந்தோம். தெருவில் எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் வந்தது. மின்சாரம் வந்தவுடன் தெரு முழுக்க பேட்டரிகள் ஒரே நேரத்தில் உறிஞ்சத் தொடங்கும். உள்ளே போன நூறில் எழுபதுதான் வெளியே வரும். பற்றாக்குறையைச் சமாளிக்க நாங்கள் வாங்கிய கருவி பற்றாக்குறையைப் பெருக்கியது. நான்கைந்து ஆண்டில் பேட்டரி செத்துவிடும். ஈயத்தை மறுபடி உருக்கவேண்டும்.

ஸ்டான்போர்டின் சார்லஸ் பார்ன்ஹார்ட்டும் சாலி பென்சனும் 2013இல் சேமிப்புக் கருவிகளுக்கும் இப்படியொரு விகிதம் போட்டார்கள். தன்னைச் செய்ய ஆன ஆற்றலைப் போல் எத்தனை மடங்கை ஒரு கருவி ஆயுளில் சேமித்துத் தரும்? ஈய பேட்டரி 2. லித்தியம் 10. தண்ணீரை மேலணைக்கு ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையம் 210. லித்தியம் அதன்பின் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஈயம் இருந்த இடத்தில் இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அவர்களுடைய அடுத்த முடிவு: உபரிக் காற்றாலை மின்சாரத்தை ஈய பேட்டரியில் சேமிப்பதைவிடக் காற்றாலையைச் சற்று நேரம் நிறுத்திவைப்பதே ஆற்றல் கணக்கில் மேல். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி விசிறிகள் சும்மா நிற்பதைப் பார்த்துப் பதறியவன் நான். அந்தப் பதற்றம் எல்லா இடத்திலும் நியாயமில்லை என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

15 ஆகஸ்ட், இரவு 8.00

விட்டுப்போனது: ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட். நூறு யூனிட் செலவிட்டு மேலணைக்கு ஏற்றினால் இறங்கும்போது 75 அளவில் திரும்பும். கால் பங்கு போகிறதே என்று வருந்தவேண்டாம். மலைக்குள் குடைந்த அந்தக் குகையும் சுழலிகளும் நாற்பது ஆண்டை நெருங்கியும் உழைக்கின்றன. மாலை ஏழு மணி விளக்குக்கு மதிய வெயிலைக் கொண்டுசேர்க்க அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

கூரையில் சோலாரோடு பேட்டரியும் போட்டுத்தருகிறேன் என்று விற்பனைக்காரர் சொன்னால், ஈய பேட்டரியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பேனலை மட்டும் வாங்குங்கள்.

20 ஆகஸ்ட், இரவு 10.45

மைத்துனருக்கு நான் முழு நியாயம் செய்யவில்லை.

தனி பேனல் கடனை அடைத்துவிடுகிறது. தொழில் முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால்? ஆண்டுதோறும் பத்தில் நாலு பங்கு, ஐந்து பங்கு கூடுதலாகத் தொழிற்சாலை வளர்ந்தால், இந்த ஆண்டுப் பேனல்களுக்குப் போடும் மின்சாரம் பழைய பேனல்கள் எல்லாம் சேர்ந்து தருவதைவிட அதிகமாகிவிடலாம். மைக்கேல் டேலும் சாலி பென்சனும் 2013இல் இதைக் கணக்கிட்டார்கள். உலகச் சோலார் தொழில் ஏறத்தாழ 2012 வரை தான் தந்ததைவிட அதிகம் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அந்தப் பழங்கடன் 2015க்கும் 2020க்கும் இடையில் அடையும் என்பது அவர்கள் மதிப்பீடு. மைத்துனர் பதினைந்து ஆண்டுக்கு முன் இதை எங்காவது கேட்டிருந்தால், அன்று அது பொய்யில்லை.

தென்னை வைப்பவருக்கு இது புரியும். ஒவ்வொரு கன்றும் ஐந்தாறு ஆண்டில் காய்க்கும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு இருமடங்கு கன்று நடுகிறவனின் தோப்பு எப்போதும் கையைக் கடித்துக்கொண்டேதான் இருக்கும். எவ்வளவு வேகமாக நடுகிறோம் என்பதும் கணக்கில் சேர்த்தி. நிலக்கரி மலிவாகக் கிடைக்கும்போதே பேனலையும் காற்றாலையையும் அமைத்துவிடவேண்டும் என்று நான் அவசரப்படுவது இதனால்தான். விளைச்சலுக்குமுன் போடவேண்டிய விதை இருக்கும்போதுதான் விதைக்கமுடியும்.

24 ஆகஸ்ட், மாலை 6.20

தோட்டத்துக்குப் போய்வந்தேன். மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் 200 லிட்டர் பீப்பாயும் கொண்டுபோனேன். ஊர் உலகத்தின் விகிதத்தைப் பேசிவிட்டுச் சொந்த ஆழ்துளைக் கிணற்றை, எங்கள் பேச்சில் போரை, அளக்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பீப்பாய் நிரம்ப 160 விநாடி. மணிக்கு நாலரை கன மீட்டர். மோட்டார் இழுத்தது 8.5 கிலோவாட். ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 1.9 யூனிட். அப்பாருவின் அறுபது அடிக் கிணற்றில் அதே தண்ணீரை ஏற்ற இயற்பியல் கேட்பது 0.05 யூனிட். போர் ஆயிரம் அடி என்று எடுத்தால் பம்பின் திறன் நூற்றுக்கு 44.

200 தென்னைக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 14 கன மீட்டர். 27 யூனிட். முதல் கேள்வி கேட்டவரின் 3 கிலோவாட் கூரை இரண்டு சேர்ந்தாலும் போதாது. ஆண்டில் 250 நாள் ஓடுகிறது, 20,000 காய் இறங்குகிறது. காய்க்கு மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம். அதற்கு அனல் நிலையத்தில் எரியும் நிலக்கரி ஒரு யூனிட் வெப்பம். ஒரு தேங்காய்ப் பருப்பில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட். உரத்தையும் ஆளையும் சேர்க்கும் முன்பே வரவும் செலவும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தேங்காயை யாரும் எரிபொருளாக வளர்ப்பதில்லை, தெரியும். ஆனாலும் அந்த எண்ணைத் தாளில் பார்த்துவிட்டு வெகுநேரம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

25 ஆகஸ்ட், காலை 6.00

திருத்தம். போர் ஆயிரம் அடி, ஆனால் மோட்டார் நிற்பது 850 அடியில் என்று அண்ணன் போனில் சொன்னார். ஒரு மணி நேரம் ஓடியபின் நீர்மட்டம் மோட்டாருக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுமாம். ஆகவே ஏற்றம் 260 மீட்டர். யூனிட் கணக்கு மாறாது, அது அளந்தது. பம்பின் திறன்தான் 44 இல்லை, 37.

30 ஆகஸ்ட், இரவு 9.15

இன்னும் இருநூறு அடி இறக்க அண்ணன் ரிக் வண்டிக்குச் சொல்லிவைத்திருந்தார். நீர்மட்டமும் கூடவே இறங்கினால் இதே பம்பில் கன மீட்டருக்கு 2.3 யூனிட்டைத் தாண்டும் என்று எழுதிக் காட்டினேன். "மின்சாரம் இலவசம்தானே தம்பி" என்றார். காசைச் சொல்லவில்லை அண்ணா, மோட்டார் சுருள் எத்தனை முறை கருகியது என்று கேட்டேன். இரண்டு ஆண்டில் மூன்று முறை. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மேற்குப் பக்கத்து நாற்பது மரங்களைக் காட்டி, அவை காய்ப்பு ஓய்ந்தவை, அவற்றுக்குத் தண்ணீரை நிறுத்தலாம் என்றார். அந்த இடத்தில் பண்ணைக்குட்டை வெட்டி ஐப்பசி மழையைப் பிடிக்கலாம் என்பது என் யோசனை. ரிக் வண்டியை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மழை முடிந்ததும் அதே பீப்பாயோடு போய் மறுபடி அளக்கிறேன். எண்களை இங்கேயே போடுகிறேன்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: பேனல் போட்டுவிடுங்கள். மைத்துனரிடம் 20ஆம் தேதிக் குறிப்பைக் காட்டுங்கள்.